மடை யார் கையில்?

எங்க தாத்தா 'ரேடியோ நெல்லு' என்றுதான் சொல்வார். ஏ.டி.டி. 27 என்ற பெயர் அவர் வாயில் நுழையாது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1960களின் நடுவில் வந்த குறுகிய காலக் குறுவை நெல் அது. திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் வழியாகத் தஞ்சாவூர் மாவட்டம் முழுக்கப் பரவியதால் சனங்க அதற்கு வைத்த பெயர் ரேடியோ நெல். பசுமைப் புரட்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்வார்கள். தாத்தா சொன்ன கதை வேறு. "ரேடியோவுல நெல்லு வந்துச்சுடா தம்பி, கூலி வரல" என்பார்.

இந்த ஒரு வாக்கியத்தை விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருசம் ஆயிற்று. நாற்றை எத்தனை நாளில் பறிப்பது, உரத்தை எப்போது போடுவது, பூச்சிக்கு எதைத் தெளிப்பது என்று வானொலி மிராசுதாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. விளைச்சல் கூடிற்று. கூடின விளைச்சலில் நட்டவளுக்கு எவ்வளவு, அறுத்தவனுக்கு எவ்வளவு என்பதை அதே வானொலியில் தாத்தா கேட்டதில்லை. அந்தக் கேள்வியை வயலில் நின்று கேட்டவர்கள் கீழத்தஞ்சையின் விவசாயத் தொழிலாளர்கள். அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்ட போராட்டம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பது இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து 44 பேர் எரிக்கப்பட்டார்கள். தண்டிக்கப்பட்ட மிராசுதார்களை 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. கார் வைத்திருக்கிற பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்று நீதிமன்றத்துக்கு நம்பமுடியாமல் போனது.

தொலைக்காட்சி நெறியாளர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் நெல்லைப் பற்றி எழுதுவானேன் என்று தோழர்கள் கேட்கலாம். சனங்கள் விரும்பிப் பார்க்கிற ஒரு நெறியாளரை ஒரு நிறுவனம் ஏன் திடீரென்று வெளியே அனுப்புகிறது என்ற கேள்விக்கு நகரத்து அறிவாளிகள் சொல்லும் பதில் 'கருத்துச் சுதந்திரம்' என்ற சொல்லோடு தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. எனக்கு அந்தப் பதில் போதவில்லை. வெண்ணாற்றுப் பாசனத்தில் பிறந்தவனுக்கு வேறொரு கேள்விதான் முதலில் தோன்றும். தண்ணீர் வரவில்லை என்றால் வானத்தைப் பார்ப்பதற்கு முன்னால், மடையை எவன் அடைத்தான் என்று பார்க்க வேண்டும்.

எங்கள் ஊராட்சித் தொலைக்காட்சிப் பெட்டி ஊர்த்தெருவில் ஒரு சிமெண்ட் அறைக்குள் இருந்தது. நாங்கள் போனால் உள்ளே உட்காரச் சொல்ல மாட்டார்கள். போகச் சொல்லவும் மாட்டார்கள். சன்னலுக்கு வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். மழை வந்தால் படம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். 2006-க்குப் பிறகு தி.மு.க. அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி எங்க தெருவுக்கும் வந்தது. அந்தத் திட்டத்தைக் கேலி பேசிய படித்தவர்கள் உண்டு. அவர்கள் யாரும் சன்னலுக்கு வெளியே நின்று படம் பார்த்தவர்கள் இல்லை.

2011 ஆகஸ்டில் புதிய தலைமுறை செய்தி அலைவரிசை தொடங்கியது. அதன் பிறகு தமிழில் இருபத்து நாலு மணி நேரச் செய்தி அலைவரிசைகள் வரிசையாக வந்தன. ராத்திரி ஆனால் விவாதம். 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனி எரிந்தது. 2013 சூலையில் இளவரசன் தண்டவாளத்தில் செத்துக் கிடந்தான். 2015-இல் கோகுல்ராஜ். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைக் கடைத்தெருவில் சங்கர். வெண்மணிச் செய்தி எங்க தெருவுக்கு வாய்வழியாகத்தான் வந்தது என்று தாத்தா சொல்வார். சங்கரை வெட்டியதை எங்க சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக் கண்ணால் கண்டாள். அன்றைக்கு ராத்திரியே சாதிச் சங்கத் தலைவர் ஒருவரை உட்கார வைத்து, கோட்டு போட்ட ஒரு நெறியாளர் கேள்வி கேட்டார். "நம்ம கேக்க முடியாதத இந்த மனுசன் கேக்குறாரு பாரு" என்றாள் சித்தி. ஊர்த்தெருக்காரரிடம் நிமிர்ந்து ஒரு வார்த்தை கேட்டால் மறுநாள் நடவுக்குக் கூப்பிட மாட்டார்கள். அந்தக் கேள்வியைத் தொலைக்காட்சியில் ஒருவர் கேட்கிறார். எங்களுக்கு அது சின்ன விசயமாகத் தெரியவில்லை.

அப்படிப்பட்ட ஒருவர் அதற்கு முன்பே ஒருமுறை காணாமல் போயிருந்தார். சன் குழுமத்தின் செய்தி அலைவரிசையில் விவாதம் நடத்திவந்த வீரபாண்டியன். 2014 நாடாளுமன்றத் தேர்தல் நேரம். வெளியே ஒரு கூட்டத்தில் மோடிக்கு எதிராகப் பேசினார் என்று பாரதிய ஜனதா கட்சி புகார் கிளப்பியது. கொஞ்ச நாளில் அவர் அந்த நிகழ்ச்சியில் இல்லை. எங்க தெருவில் அரசியல் காரணம் எதுவும் யாருக்கும் தெரியாது. "ஏன்டா, அந்த மனுசன காணுமே? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. அன்றிலிருந்து இந்த வெளியேற்றங்களைக் கவனித்துக்கொண்டு வருகிறேன்.

சர்ச்சைக்குரியவர் என்பதால் நீக்கினோம் என்று எந்த நிறுவனம் சொன்னாலும் அதை நம்ப வேண்டாம். அவர்கள் விற்கிற சரக்கே சர்ச்சைதான். இதற்கு நம் கண்முன்னால் ஒரு சாட்சி இருக்கிறது. சீ தமிழ் அலைவரிசையில் 2011-இல் தொடங்கிய 'சொல்வதெல்லாம் உண்மை'. நிர்மலா பெரியசாமி முதலில் நடத்தினார், பிறகு லட்சுமி ராமகிருஷ்ணன் நடத்தினார். அங்கே வந்து உட்கார்ந்து அழுதவர்களைப் பாருங்கள். கொத்து வேலைக்காரர், வீட்டு வேலை செய்கிற பெண், கைவிடப்பட்ட மனைவி, பிள்ளையைத் தொலைத்த தாய். கள்ள உறவு, குடி, அடிதடி, யாருடைய பிள்ளை என்ற சண்டை எல்லாம் கேமராவுக்கு முன்னால் நடந்தது. வசதியான வீடுகளில் இந்தச் சண்டைகள் நடக்காமலா இருக்கின்றன? அவர்கள் வக்கீலிடம் போகிறார்கள். இந்த நிகழ்ச்சி பற்றிக் கண்டனம் வராத வருசமே இல்லை. நெறியாளர் பேசிய வசனத்தை வைத்துச் சினிமாவும் கேலி நிகழ்ச்சிகளும் பிழைத்தன. ஆனாலும் நிகழ்ச்சி ஓடிக்கொண்டேதான் இருந்தது. 2018 சூனில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்ட பிறகுதான் அது நின்றது. ஏழு வருசம். அதில் மானம் போனவர்கள் விளம்பரம் கொடுக்கிறவர்கள் இல்லை, உரிமம் கொடுக்கிறவர்கள் இல்லை, கேபிள் கம்பி இழுக்கிறவர்களும் இல்லை. அவர்களுக்கு வலித்தால் நிறுவனத்துக்கு எங்கேயும் வலிக்காது.

இனி வேறு ஆட்களுக்கு வலித்தபோது என்ன நடந்தது என்று பார்ப்போம்.

2015 மார்ச் 8 பெண்கள் தினத்தையொட்டிப் புதிய தலைமுறையில் 'உரக்கச் சொல்லுங்கள்' நிகழ்ச்சியில் பெண்ணுக்குத் தாலி தேவையா என்று பெண்களே பேசினார்கள். முன்னோட்டம் மட்டும்தான் வெளிவந்தது. இந்துத்துவ அமைப்புகள் மிரட்டின. நிறுவனம் நிகழ்ச்சியை ஒளிபரப்பாமல் நிறுத்திக்கொண்டது. நிறுத்திய பிறகும் அலுவலக வாசலில் ஒளிப்பதிவாளரை அடித்தார்கள். மார்ச் 12 விடிகாலையில் அலுவலகத்தின் மேல் டிபன் பாக்ஸ் குண்டு வீசினார்கள். இங்கே நெறியாளரை நீக்க வேண்டிய அவசியம் வரவில்லை, நிகழ்ச்சியையே நீக்கிவிட்டார்கள். அந்த நிறுவனத்தின் உரிமையாளர் குடும்பத்துக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மருத்துவமனை இருக்கிறது, இந்திய ஜனநாயகக் கட்சி என்று ஒரு கட்சியே இருக்கிறது. அந்தக் கட்சி 2014-இல் பா.ஜ.க. அணியில் நின்றது, 2019-இல் தி.மு.க. அணியில் நின்றது, 2024-இல் மறுபடியும் பா.ஜ.க. அணிக்குப் போனது. பத்து வாசல் வைத்த வீட்டுக்காரன் பத்து வாசலிலும் காவலுக்கு நிற்க வேண்டும். ஒரு ராத்திரி விவாதத்துக்காக மற்ற ஒன்பது வாசலையும் திறந்துபோட மாட்டான்.

அதே அலைவரிசைக்கு 2018 சூனில் வேறு வகையான வைத்தியம் நடந்தது. கோயம்புத்தூரில் அவர்கள் நடத்திய பொது விவாதத்தில் இயக்குநர் அமீர் பேச்சை ஒட்டி ரகளை ஆயிற்று. ரகளை செய்தவர்களை விட்டுவிட்டு, விவாதம் நடத்திய நிறுவனத்தின் மேல் காவல்துறை வழக்குப் போட்டது. அத்தோடு விடவில்லை. அரசு கேபிளில் 124-ஆம் எண்ணில் இருந்த அலைவரிசையை 499-க்குத் தூக்கிப் போட்டார்கள்.

இந்த எண் விசயத்தைச் சென்னைக்காரருக்கு விளக்குவதை விட எங்க ஊர்க்காரருக்கு விளக்குவது சுலபம். மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வந்து காவேரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். தலைமடைக்காரனுக்கு முதலில் பாயும். கடைமடைக்காரன், அதாவது வேதாரண்யம் பக்கத்துக்காரன், தலைஞாயிறு பக்கத்துக்காரன், பயிர் காய்ந்த பிறகு தண்ணீரைப் பார்ப்பான். 'உனக்குத் தண்ணி இல்லை' என்று யாரும் அவனிடம் சொல்வதில்லை. வரிசையில் கடைசியில் வைத்துவிட்டால் போதும். 499 என்பது கடைமடை. ரிமோட்டை அமுக்கிக்கொண்டே வருகிறவன் 200-ஐத் தாண்ட மாட்டான். பார்வையாளர் குறைந்தால் விளம்பரம் குறையும், விளம்பரம் குறைந்தால் முதலாளி நெறியாளரைப் பார்ப்பார். தணிக்கை என்ற வார்த்தையையே உச்சரிக்காமல் தணிக்கை நடந்துவிடும்.

தமிழ்நாட்டில் இந்த மடைச் சண்டைக்கு ஒரு வரலாறு உண்டு. சன் டிவி தொடங்கியது 1993 ஏப்ரல் 14. கேபிள் கம்பியும் அந்தக் குடும்பத்தின் கைக்கு வந்தது. 2007 மே மாதம் தினகரன் கருத்துக்கணிப்பும், மதுரை அலுவலக எரிப்பில் மூன்று ஊழியர்கள் செத்ததும், கலைஞர் குடும்பத்துக்கும் மாறன் குடும்பத்துக்கும் நடுவே பிளவு வந்ததும் நினைவிருக்கும். அந்த வருசமே கலைஞர் டிவி வந்தது, அந்த வருசமே அரசு கேபிள் நிறுவனமும் வந்தது. குடும்பம் சேர்ந்ததும் அரசு கேபிள் படுத்துக்கொண்டது. 2011-இல் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா அதைத் தூசி தட்டி எழுப்பி மாதம் 70 ரூபாய்க்குக் கொடுத்தார். சனங்களுக்கு அது லாபம்தான், மறுக்கவில்லை. அதோடு சேர்த்து மடையும் ஆளுங்கட்சியின் கைக்குப் போனது. மடையைத் திறக்கிற கை மாறிக்கொண்டே இருந்தது. ஒரு கையும் எங்க தெருக் கை இல்லை.

2020 சூலையில் நடந்ததுதான் இந்த வரிசையில் அதிகம் பேசப்பட்டது. ரிலையன்ஸ் குழுமத்தின் கையிலிருக்கும் நியூஸ்18 தமிழ்நாடு அலைவரிசையின் ஆசிரியர் மு.குணசேகரன். 'காலத்தின் குரல்' விவாதத்தில் சனங்களுக்குப் பழகிய முகம். அங்கே வேலை செய்கிற பலர் திராவிடர் கழக, தி.மு.க. சார்பானவர்கள் என்று மாரிதாஸ் என்பவர் யூடியூபில் தொடர்ந்து காணொளி போட்டார். நிறுவனம் மாரிதாஸ் மேல் வழக்குப் போட்டது, உயர்நீதிமன்றம் அவருக்கு இடைக்காலத் தடையும் விதித்தது. நீதிமன்றத்தில் ஜெயித்தது நிறுவனம். வேலையை விட்டுப் போனது யார்? குணசேகரன். அவருக்கு முன்னால் இன்னொரு செய்தியாளரும் போயிருந்தார். தன்னுடைய ஆளின் மேல் சேற்றை வாரி இறைத்தவனோடு கோர்ட்டில் மல்லுக்கட்டிக்கொண்டே, அந்த ஆளையும் வெளியே அனுப்புகிற விந்தையைப் பெரிய பண்ணைகளில்தான் பார்க்க முடியும். குணசேகரன் அதன்பின் சன் செய்தி அலைவரிசைக்குப் போனார். 2014-இல் ஒரு நெறியாளர் வெளியேறிய அதே குழுமம் 2020-இல் இன்னொருவருக்கு நிழல் கொடுத்தது. கொள்கை மாறிவிட்டதா? காற்று வேறு பக்கம் அடித்தது, அவ்வளவுதான்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் வந்த நோய் இல்லை. செயற்கைக்கோள் தொலைக்காட்சி இந்தியாவுக்கு வந்த புதிதிலேயே, 1995 மே மாதம், ஸ்டார் ப்ளஸில் நிக்கி பேடி நடத்திய 'நிக்கி டுநைட்' நிகழ்ச்சியில் ஒரு விருந்தினர் காந்தியைக் கெட்ட வார்த்தையில் ஏசிவிட்டார். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு நிகழ்ச்சியையே மூடியது. முதலாளி ரூபர்ட் முர்டோக் மேல் இந்திய நீதிமன்றத்துக்கு வழக்கு போனது. இரண்டு வருசம் கழித்து, 1997 சூலை 11 அன்று, மும்பை ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டார்கள். கேட்க வந்த சனத்தில் 10 பேரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. ஒரு தலைவருக்கு நேர்ந்த அவமானத்துக்கு ஒரு சர்வதேச முதலாளி மண்டியிட்டான். இன்னொரு தலைவருக்கு நேர்ந்த அவமானத்தைக் கேட்கப் போனவர்களுக்குக் குண்டு கிடைத்தது. யாருடைய மனம் புண்பட்டால் செலவாகும் என்ற கணக்கு இந்த நாட்டில் சாதிவாரியாகப் போடப்பட்டிருக்கிறது.

2018 ஆகஸ்டில் ஏ.பி.பி. நியூஸ் இந்தி அலைவரிசையிலிருந்து புண்ய பிரசூன் பாஜ்பாய் வெளியேறினார். காரணமாகப் பேசப்பட்டது ஒரு விவசாயப் பெண்ணின் வருமானம். சத்தீஸ்கரைச் சேர்ந்த அந்தப் பெண் பிரதமரோடு காணொளியில் பேசியபோது தன் வருமானம் இரட்டிப்பானதாகச் சொன்னார். அப்படிச் சொல்லும்படி அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது என்று பாஜ்பாயின் நிகழ்ச்சி காட்டியது. அதற்குப் பிறகு சரியாக அவர் நிகழ்ச்சி வருகிற நேரத்தில் சிக்னல் கெட்டுப்போனது, விளம்பரங்கள் போயின, பிரதமர் பெயரைச் சொல்லாதே என்று முதலாளி கேட்டார் என்று அவரே பின்னால் எழுதினார். வயலில் வேலை செய்கிறவளின் கையில் உண்மையில் எவ்வளவு வந்தது என்ற கேள்விதான் இங்கும். எங்க தாத்தா கேட்ட அதே கேள்வி. 2022 நவம்பரில் என்.டி.டி.வி. அதானி கைக்குப் போனபோது, 30-ஆம் தேதி ரவீஷ் குமார் விலகினார். மக்சேசே விருது பெற்றவர், இந்தி பேசும் மாநிலங்கள் முழுக்க அறிந்த முகம். நிலம் கைமாறினால் குத்தகைக்காரனின் கதி என்ன ஆகும் என்பதைத் தஞ்சாவூர்க்காரனுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

வெள்ளைக்காரன் தேசத்திலும் இதே வரப்புதான். ஈராக் மீது போர் தொடுப்பதற்குச் சில வாரம் முன்பு, 2003 பிப்ரவரியில், அமெரிக்காவின் எம்.எஸ்.என்.பி.சி. அலைவரிசை போரை எதிர்த்துப் பேசிய ஃபில் டோனஹ்யூவின் நிகழ்ச்சியை நிறுத்தியது. அந்த அலைவரிசையிலேயே அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சி அது. சனங்களின் விருப்பம் காப்பாற்றும் என்று நம்புகிறவர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். டக்கர் கார்ல்சன் ஃபாக்ஸ் நியூஸில் வருசக்கணக்காக வந்தேறிகளுக்கு எதிராக வெறுப்பைக் கக்கிக்கொண்டிருந்தார். அதற்காக அவரை யாரும் அனுப்பவில்லை. தேர்தல் பற்றிய பொய்களுக்காக டொமினியன் என்ற வாக்கு இயந்திர நிறுவனத்துக்கு ஃபாக்ஸ் 78.75 கோடி டாலர் கொடுக்க வேண்டி வந்தது. அந்தச் சமரசம் முடிந்து ஆறாவது நாள், 2023 ஏப்ரல் 24 அன்று, அவர் வெளியே போனார். நிறுவனம் காரணம் சொல்லவில்லை.

பி.பி.சி.யின் ஜெரமி கிளார்க்சன் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கார் ஓட்டிக் காட்டும் 'டாப் கியர்' நிகழ்ச்சியை உலகம் முழுக்க 35 கோடிப் பேர் பார்க்கிறார்கள் என்று சொல்லப்பட்டது. 2011 டிசம்பரில் ஒளிபரப்பான நிகழ்ச்சிக்காக இந்தியாவுக்கு வந்து, காரின் பின்னால் கக்கூஸ் ஒன்றைப் பொருத்தி ஓட்டி, இந்தியர்களின் வயிற்றைக் கேலி செய்தார். இந்தியத் தூதரகம் புகார் கொடுத்தது. பி.பி.சி. அசையவில்லை. பர்மாவில் ஆசியர்களை இழிவுபடுத்தும் சொல்லைச் சொன்னார். அப்போதும் நாற்காலி போகவில்லை. 2015 மார்ச்சில், படப்பிடிப்பு முடிந்து விடுதிக்கு வந்தபோது சூடான சாப்பாடு இல்லை என்று தன் தயாரிப்பாளரைத் திட்டி முகத்தில் அறிந்தார். பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டு அவரை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பி.பி.சி. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. சோற்றுக்காக வேலையாளை அடித்த ஆண்டையை எஜமானின் எஜமான் தட்டிக் கேட்ட கதை இது. அந்த அளவில் அது நியாயமான முடிவு, பாராட்டுகிறேன். நம்மூரில் அடிபட்டவன் போயிருப்பான், அடித்தவன் இருந்திருப்பான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தேசத்தையும் ஒரு இனத்தையும் இழிவுபடுத்தியது கணக்கில் சேரவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

ஆக, நிறுவனம் ஒரு நெறியாளரிடமிருந்து எப்போது பிரிகிறது? அவர் பேச்சால் வருகிற வருமானத்தை விட, அவர் பேச்சு புண்படுத்தியவர்கள் வசூலிக்கக்கூடிய தண்டம் அதிகமாகும்போது. அந்தத் தண்டத்தை வசூலிக்கிற சக்தி உரிமம் கொடுக்கிறவனிடம், கேபிள் வைத்திருப்பவனிடம், விளம்பரதாரனிடம், கும்பல் சேர்க்கிறவனிடம், சில சமயம் நீதிமன்றத்திடம் இருக்கிறது. கேரளத்தின் மீடியாஒன் அலைவரிசைக்கு 2022 சனவரியில் ஒன்றிய அரசு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. உச்சநீதிமன்றம் 2023 ஏப்ரலில் அதை ரத்து செய்யும்வரை அதன் தலைக்கு மேல் கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த மற்ற முதலாளிகள் தங்கள் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?

எப்படி நீக்குகிறார்கள் என்பதிலும் நம் பழைய கதை இருக்கிறது. 1952 ஆகஸ்டில் ராஜாஜி அரசு தஞ்சாவூர் மாவட்டத்துக்கு மட்டும் குத்தகைதாரர் - பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு அது சட்டமே ஆனது. செங்கொடி இயக்கம் வயலில் நின்று வாங்கியதைத்தான் அரசு ஏட்டில் எழுதியது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது 6.67 ஏக்கருக்கு மேல், நிலம் வைத்திருந்த மிராசுதார் தன் பண்ணையாளை நினைத்தபோது விரட்ட முடியாது என்று ஆயிற்று. விரட்டினால் சமரச அதிகாரியிடம் போகலாம். மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? பண்ணையாள் வைப்பதையே குறைத்துக்கொண்டு தினக்கூலிக்கு மாறினார்கள். தினக்கூலியை நீக்க வேண்டியதே இல்லை. நாளைக்குக் கூப்பிடாமல் விட்டால் போதும்.

தொலைக்காட்சி நெறியாளரும் பல இடங்களில் கோட்டு போட்ட தினக்கூலிதான். வருசத்துக்கு வருசம் ஒப்பந்தம். 1955-இல் வந்த உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் பத்திரிகைக்காரர்களுக்குத்தான் பாதுகாப்புக் கொடுத்தது. தொலைக்காட்சி அந்த வேலிக்கு வெளியே நின்றது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில்தான் மின்னணு ஊடகமும் அந்த வரையறைக்குள் வந்தது. ஏட்டில் வந்ததை வயலுக்குக் கொண்டுவர ஒரு சங்கம் வேண்டும். பல லட்சம் பேர் கேட்கிற குரல் உள்ளவர்கள், தங்களுக்கு என்று வரும்போது வாயைத் திறக்க முடியாமல் 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ரேகை வைத்துவிட்டுப் போன எங்க பாட்டனுக்கும் இவர்களுக்கும் கையெழுத்துதான் வித்தியாசம்.

இவ்வளவு சொல்லிவிட்டு எனக்குள் இருக்கிற ஒரு உறுத்தலையும் சொல்லிவிட வேண்டும். நீக்கப்படுவதற்கும் முதலில் ஒரு நாற்காலி வேண்டுமே. அந்த நாற்காலியில் எங்க ஆள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்? 1996-இல் பி.என்.உனியால் என்ற மூத்த பத்திரிகையாளர், ஒரு வெளிநாட்டு நிருபர் தலித் பத்திரிகையாளர் ஒருவரின் பெயர் கேட்டபோதுதான், தன் முப்பது வருசத் தொழிலில் ஒரு தலித் பத்திரிகையாளரைக் கூடச் சந்தித்ததில்லை என்று உணர்ந்து தில்லி முழுக்கத் தேடி எழுதினார். ஒருவரும் அகப்படவில்லை. 2019-இல் ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்டரியும் எடுத்த கணக்கில் 121 தலைமைப் பதவிகளில் 106 உயர்சாதியினர் கையில் இருந்தன. தலித், பழங்குடியினர் ஒருவரும் இல்லை. உனியாலுக்கும் இந்தக் கணக்குக்கும் நடுவில் இருபத்து மூன்று வருசம். தமிழ் அலைவரிசைகளிலும் இந்தக் கணக்கை எடுத்து மேசையில் வைக்க வேண்டும்.

ஒருமுறை ஒரு விவாதத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு கோயில் தேரோட்டத் தகராறு. ஒருங்கிணைக்கிற பையன் போனில் கேட்டான், "சார், நீங்க பாதிக்கப்பட்ட தரப்புல வர்றீங்க. பேருக்குக் கீழ என்ன போடட்டும்?" நான் தமிழ் எம்.ஏ. படித்தவன், கட்டுரை எழுதுகிறவன், 'எழுத்தாளர்' என்று போடுங்கள் என்றேன். "இல்ல சார், 'தலித் செயல்பாட்டாளர்'னு போட்டாத்தான் பேலன்ஸா இருக்கும்" என்றான். போய் உட்கார்ந்தேன். எதிரில் சாதிச் சங்கத்துக்காரர். அவர் பெயருக்குக் கீழே 'சமூக ஆர்வலர்' என்று ஓடியது. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவனும் மூன்று மாத ஒப்பந்தத்தில் இருந்தான். இந்த மேசையில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு, அது அழுவதற்கும் கோபப்படுவதற்கும் ஒதுக்கப்பட்ட நாற்காலி என்று அன்றைக்குப் புரிந்தது. கேள்வி கேட்கிற நடு நாற்காலிக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள். நீக்குவதற்கு ஆளே இல்லாத இடத்தில் எவரையும் நீக்கியதாகச் செய்தி வராது.

அப்படியென்றால் வீரபாண்டியன்களுக்காகவும் குணசேகரன்களுக்காகவும் நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். கவலைப்பட வேண்டும் என்றுதான் சொல்வேன். ஒரு நெறியாளர் போகும்போது அவர் மட்டும் போவதில்லை. அடுத்து அந்த நாற்காலியில் உட்காருகிறவர் எந்தக் கேள்வியால் முன்னவர் போனார் என்று தெரிந்துகொண்டுதான் உட்காருவார். அந்தக் கேள்வி பிறகு வராது. பெரும்பாலும் அது நம் கேள்வியாகத்தான் இருக்கும். தாலி, கோயில், சாதி, கூலி. வாய்க்காலில் ஓடுகிற தண்ணீர் நம் பெயரில் இல்லை என்பதற்காக மடையை அடைக்கட்டும் என்று பேசாமல் இருந்தால் முதலில் காய்வது கடைமடைதான்.

கவலைப்பட்டால் மட்டும் போதாது. நம்மவர்கள் இதை முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள். இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியது 1893. சன் டிவி வருவதற்குச் சரியாக நூறு வருசம் முன்னால். அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியது 1907. 1920-இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைத் திலகரின் 'கேசரி' போட மறுத்தது. அவர்கள் அடுத்தவன் மடையில் போய்த் தவம் கிடக்கவில்லை. கையால் கிணறு வெட்டினார்கள். இன்றைக்கு யூடியூப் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ரவீஷ் குமாரை அங்கே ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் தொடர்கிறார்கள். நம் பிள்ளைகளும் கைப்பேசியை வைத்து ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறார்கள். ஆனால் குணசேகரனை வெளியேற்றப் பயன்பட்டதும் அதே யூடியூப்தான். அந்த மடையும் நம் கையில் இல்லை, அமெரிக்காவில் ஒருவன் கையில் இருக்கிறது. நமக்கென்று அலைவரிசையும் வேண்டும். எல்லாருக்குமான அலைவரிசைகளில் நடு நாற்காலியும் வேண்டும். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் காரணம் சொல்லாமல் தூக்க முடியாது என்கிற சட்டமும், அதைக் கேட்டு வாங்குகிற சங்கமும் வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இருந்து மற்ற இரண்டு இல்லாமல் போனால் 1952 சட்டத்தின் கதைதான்.

சித்தி இப்போதும் ராத்திரி விவாதம் பார்க்கிறாள். புதிதாக ஒரு பெண் நெறியாளர் வந்திருக்கிறார். போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது, ஒரு கட்சிக்காரரை மடக்கிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு உற்சாகமாக இருந்தது. சித்தி வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள், "நல்லாத்தான் கேக்குது புள்ள. எத்தன நாளைக்கு விடுவானுவ?"